தண்ணீர் டப்பா மைலேஜ் தருமா?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எச்எச்ஓ கிட் விளம்பரங்களும் தலைகாட்டுகின்றன. பானட்டுக்குள் ஒரு தண்ணீர் டப்பா, அதில் எஃகுத் தகடுகள், கொஞ்சம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர். தண்ணீரிலிருந்து பிரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் காற்றோடு கலந்து என்ஜினுக்குள் போகும், மைலேஜ் எகிறும் என்கிறார்கள். மாதச் செலவை எண்ணி எண்ணி வண்டி ஓட்டுபவர்கள்தான் இதை நம்பிப் பணம் கொடுக்கிறார்கள். அதனால் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

நம்பிக்கை: வண்டி ஓடும்போது கரண்ட் சும்மாதானே கிடைக்கிறது!

உண்மை: சும்மா கிடைப்பதில்லை. மின்சாரம் இழுக்க இழுக்க ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது என்ஜினுக்குக் கனக்கும். அந்தக் கனத்தைப் பெட்ரோல்தான் சுமக்கிறது. ஆறு அறைகள் கொண்ட ஒரு கிட் 12 வோல்ட்டில் 15 ஆம்பியர், அதாவது 180 வாட் இழுக்கிறது என்று வைப்போம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 லிட்டர் வாயு வரும். அதை எரித்தால் கிடைப்பது சுமார் 110 வாட். என்ஜின் 25 சதவீதம், ஆல்டர்னேட்டர் 60 சதவீதம் திறனோடு இயங்கினால், அந்த 180 வாட்டுக்காக எரியும் பெட்ரோல் 1,200 வாட். கொடுப்பது 1,200, வாங்குவது 110!

இன்னொரு பக்கமும் உண்டு. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் கார், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 27,000 வாட் அளவுக்குப் பெட்ரோலை எரிக்கிறது. அதன் பக்கத்தில் 110 வாட் அரை சதவீதம்கூட இல்லை.

நம்பிக்கை: பெட்ரோலில் பாதி எரியாமல் வீணாகிறது, ஹைட்ரஜன் அதை முழுசாக எரிக்கும்.

உண்மை: நல்ல நிலையில் உள்ள இன்றைய என்ஜினில் ஏறக்குறைய 98 சதவீதம் எரிந்துவிடுகிறது. வீணாவது எரியாத பெட்ரோல் அல்ல, வெப்பம். அது சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. சைலன்சரில் தண்ணீர் சொட்டுவதைக் காட்டி “பாருங்கள், ஹைட்ரஜன் வேலை செய்கிறது” என்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தாலே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். கிட் இல்லாத வண்டியிலும் குளிர்ந்த காலையில் அது சொட்டும்.

நம்பிக்கை: மாட்டியவர்களுக்கு மைலேஜ் கூடியிருக்கிறதே?

உண்மை: சிலருக்குக் கூடியிருக்கலாம். காரணம் வேறு. பல கிட்டுகளோடு ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டியும் வருகிறது. புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அனுப்பும் சிக்னலை அது மாற்றிவிடும். பெட்ரோல் அதிகமாகப் போவதாக நினைத்து, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அளவைக் குறைக்கும். மைலேஜ் சற்றுக் கூடுவது அதனால்தான். அதற்கு விலையும் உண்டு: கலவையில் பெட்ரோல் குறைந்து ஆக்சிஜன் மிஞ்சினால் கேடலிடிக் கன்வர்ட்டரால் நைட்ரஜன் ஆக்சைடுகளைச் சிதைக்க முடியாது. அந்தப் புகையை ரோட்டில் நடக்கும் குழந்தையும் சுவாசிக்கிறது. இதை விற்பவர் சொல்லாமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நம்பிக்கை: நாசாவே நிரூபித்திருக்கிறது.

உண்மை: நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் 1977இல் அறிக்கை வெளியிட்டது நிஜம். ஹைட்ரஜன் மிக வேகமாக எரிவதால், பெட்ரோல் குறைந்த கலவையிலும் என்ஜின் சீராக ஓடும் என்று அது காட்டியது. ஆனால் அங்கே பயன்பட்ட ஹைட்ரஜன் சிலிண்டரிலிருந்தும் மெத்தனாலிலிருந்தும் வந்தது. கார் பேட்டரியால் தண்ணீரைப் பிரித்து எடுத்தது அல்ல. டெல்லியில் 2020இல் 50 பேருந்துகளில் ஹைட்ரஜன் கலந்த சிஎன்ஜியைச் சோதித்தபோதும், வாயு ராஜ்காட் டிப்போவில் அமைத்த ஆலையிலிருந்து வந்தது. கலவையில் ஹைட்ரஜன் சுமார் 18 சதவீதம். ஹைட்ரஜனால் பயன் உண்டு. அதை வண்டியே தன் பெட்ரோலைச் செலவழித்துத் தயாரிக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் கழற்றிவிடுங்கள். டப்பாவில் உள்ள கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொட வேண்டாம். வெளிவரும் வாயு எரிவதற்குச் சரியான விகிதத்திலேயே கலந்திருப்பதால் ஒரு தீப்பொறி போதும், டப்பா வெடிக்க. மெக்கானிக்கிடம் டப்பாவோடு அந்த எலக்ட்ரானிக் பெட்டியையும் எடுத்துவிட்டு, சென்சார் ஒயரைப் பழையபடி இணைக்கச் சொல்லுங்கள்.