மாடியில் இருக்கும் போனுக்குக் கீழே உள்ள பிரிண்டர் தெரியவில்லையா?

பிரிண்டர், டி.வி. போன்றவற்றைத் தேடும்போது போன், "யார் யார் இருக்கீங்க?" என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கிறது. இப்படிப் பொதுவாக அனுப்பும் செய்தியை ரவுட்டர் அடுத்த நெட்வொர்க்குக்கு விடாது. அது பழுதில்லை, ரவுட்டரின் இயல்பே அதுதான்.

1. வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால் முதலில் ஐ.பி. முகவரிகளைப் பாருங்கள். போனில் 192.168.0.5, பிரிண்டரில் 192.168.1.20 என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு நெட்வொர்க்கில் இருக்கின்றன.

2. அப்படியானால் இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' ஆக்கிவிடுங்கள். அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டரிலும் இதைச் செய்யலாம். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால் இரண்டாவதற்கு 192.168.1.2 கொடுத்துச் சேமியுங்கள். புது முகவரியில் மறுபடி உள்ளே போய், சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் டி.எச்.சி.பி.யை அணையுங்கள். அதன் பிறகே கேபிளை 'வான்' போர்ட்டிலிருந்து கழற்றி 'லான்' போர்ட்டில் செருகுங்கள். கேபிளை முதலில் மாற்றினால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுத்து வீடே குழம்பிவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

3. ஒரே நெட்வொர்க்தான், ஆனாலும் தெரியவில்லையா? போன் 'கெஸ்ட்' வைஃபையில் இருக்கலாம். இல்லையென்றால், சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் தடுக்கும் 'ஏ.பி. ஐசொலேஷன்' ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. விருந்தினருக்கும் கேமராவுக்கும் தனி நெட்வொர்க் வேண்டும், பிரிண்டர் மட்டும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றால், செய்தியைக் கடத்திவிடத்தான் வேண்டும். பிரிண்டரைத் தேடும் எம்.டி.என்.எஸ். செய்தி 224.0.0.251 என்ற முகவரிக்கு, யு.டி.பி. 5353 போர்ட்டில் போகிறது. ரவுட்டரில் 'எம்.டி.என்.எஸ். ரிப்பீட்டர்' இருந்தால் ஆன் செய்யுங்கள். ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட்டவர்கள் 'அவாஹி' நிறுவி, அதில் 'ரிஃப்ளெக்டர்' வசதியை இயக்கலாம். இதனால் பிரிண்டரின் பெயர் மட்டுமே தெரியும். பிரிண்ட் ஆக வேண்டுமானால் ஃபயர்வாலில் அந்தப் பிரிண்டருக்கு மட்டும் டி.சி.பி. 631 போர்ட்டையும் திறக்க வேண்டும்.

5. வெளியூரிலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரை எழுப்பும் 'மேஜிக் பாக்கெட்' 102 பைட் செய்திதான். அதற்காக இன்டர்நெட் பக்கம் போர்ட் திறந்து, நெட்வொர்க் முழுவதற்கும் போகும் பிராட்காஸ்ட் முகவரிக்குத் திருப்பாதீர்கள். வி.பி.என். வழியே ரவுட்டருக்குள் போய், அங்கிருந்தே அனுப்புங்கள்.

6. வெளியிலிருந்து ஒரு நெட்வொர்க் முழுவதற்கும் செய்தி அனுப்பவிடும் 'டைரக்டட் பிராட்காஸ்ட்' அணைந்தே இருக்கட்டும். ஒரு செய்தியை நூறாகப் பெருக்கி அடுத்தவர் மேல் கொட்டும் 'ஸ்மர்ஃப்' தாக்குதல் இந்த வழியாகத்தான் நடந்தது. அதனால்தான் 1999இல் வந்த ஆர்.எஃப்.சி. 2644 என்ற இணைய நெறி ஆவணம், ரவுட்டர்களில் இது அணைந்த நிலையிலேயே வர வேண்டும் என்றது.

7. எதையும் மாற்றுவதற்கு முன் இப்போதைய செட்டிங்கை 'பேக்கப்' எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.