எரிபொருளால் இயங்கும் பாரந்தூக்கி வண்டிகளின் நன்மை தீமைகள்

வைகாசித் திங்களில் காஞ்சி வரதராஜப் பெருமாள் கருடசேவைக்கு எழுந்தருளுங்கால், ஸ்ரீபாதந் தாங்குவோர் தோளிற் சுமந்து செல்லுதலைக் கண்டோர் பலர். தோளாற் சுமத்தல் இந்நகரின் பழைய வழக்கம். ஆயின், இம்மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் அவ்வழக்கம் மாறிவிட்டது. 1998-ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய்த் தொழிற்சாலையிலும், 2010-ஆம் ஆண்டில் ஒரகடம் ரெனோ-நிசான் தொழிற்சாலையிலும் கார் உற்பத்தி தொடங்கியது. இத்தகைய ஆலைகளிலும் கிடங்குகளிலும் தோளின் வேலையைப் போர்க்லிப்ட் என்னும் பாரந்தூக்கி வண்டியே செய்கின்றது. தறியை விட்டு ஆலைவேலைக்குச் செல்லும் நெசவாளர் பிள்ளைகளும் உளர். ஆதலின், இவ்வண்டியின் நன்மை தீமைகளை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வண்டி துலாக்கோலை ஒத்தது. முன்னேயுள்ள இரண்டு இரும்புக் கரங்கள் பாரத்தை ஏந்தும்; பின்னேயுள்ள பெரும் எடை அதனைச் சமன் செய்யும்; முன்சக்கர அச்சே துலாக்கோலின் தாங்குதானமாம். இவற்றுட் சில டீசலாலும், சில எரிவாயுவாலும், சில மின்கலத்தாலும் இயங்குவன.

முதற்கண் நன்மைகளைக் கூறுவாம். எரிபொருளைச் சில நிமிடங்களில் நிரப்பி, வண்டியை உடனே செலுத்தலாம். ஈய மின்கலத்திற்கோ மின்னேற்றச் சுமார் 8 மணி நேரம் வேண்டும். மழையிலும், கரடுமுரடான வெளியிலும், ஏற்றத்திலும் டீசல் வண்டி நன்கு உழைக்கும். வாங்கும் விலையும் பெரும்பாலும் குறைவே.

இனித் தீமைகள். எஞ்சின் புகையிற் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், முடிவில் மரணமும் விளைக்கும். எரிவாயு வண்டியில் கரி குறைவேயெனினும், எஞ்சின் சீர்கெடின் இந்நச்சு மிகும். டீசற்புகை புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. அன்றியும், எஞ்சினின் இரைச்சலால் அருகில் நிற்போரின் எச்சரிக்கைக் குரல் ஓட்டுவோன் செவிக்கு எட்டாது போதலும் கூடும்.

கதவுகளைத் திறந்துவைத்தாற் போதாதோ எனின், போதாது என்போம். ஐப்பசி அடைமழையிற் சரக்கு நனையாவண்ணம் கதவுகளை அடைப்பர். அப்பொழுதே புகையும் உள்ளே தங்கும். ஆதலின், மூடிய கிடங்கில் எஞ்சின் வண்டி ஓடவேண்டின், காற்றை வெளியேற்றும் விசிறிகளும் நச்சுவாயுவை அறிவிக்குங் கருவியும் இன்றியமையாதன.

ஆகவே, திறந்த முற்றத்திற்கு எஞ்சின் வண்டியும், மூடிய கிடங்கிற்கு மின்கல வண்டியும் ஏற்றன என்பதே எம் துணிபு. விரைந்து மின்னேறும் லித்தியம் மின்கலங்கள் வந்தபின், எஞ்சினுக்குரிய முதல் நன்மையும் குறைந்துவருகின்றது. எண்ணெயின் விலை கணக்கேட்டில் ஏறும். தொழிலாளியின் மூச்சு அதில் ஏறுவதில்லை. நாளை ஆலைகளிற் பொறுப்பேற்கவிருக்கும் மாணவ நண்பர்கள் அதனையும் கணக்கிற் சேர்ப்பார்களாக.