ஆங்கிலத்தில் மேற்கோள்குறி: எங்கே வரும், எங்கே வராது?

ஆதனக்கோட்டை முந்திரிப் பொட்டலத்துக்கு ஆங்கில லேபிள் அடிக்கிறீர்களா? பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வா? இவற்றைக் கவனியுங்கள்.

1. லேபிளில் ‘ஃப்ரெஷ்’ என்ற சொல்லுக்கு மேற்கோள்குறி போடாதீர்கள். அழுத்தம் கிடைக்காது, பேருக்குத்தான் புதுசோ என்று வாங்குபவர் சந்தேகப்படுவார். எடுப்பாகத் தெரிய வேண்டுமா, எழுத்தைத் தடிமனாக்குங்கள். அச்சகத்தாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள்.

2. ஒருவர் பேசியதை அப்படியே எழுதும்போது குறி போடுங்கள். ‘தட்’ (that) சேர்த்து அயற்கூற்றாக்கினால் குறியை எடுத்துவிடுங்கள். சொற்கள் இப்போது உங்களுடையவை.

3. ‘செட்’ (said) என்றதும் காற்புள்ளி, பிறகு குறி, பேச்சின் முதலெழுத்து பெரிய எழுத்து. பேச்சை முடிக்கும் முற்றுப்புள்ளியைக் குறிக்கு உள்ளேயே வையுங்கள். அது பேச்சோடு சேர்ந்தது.

4. பேச்சுக்குள் பேச்சு வந்தால் வெளியே இரட்டைக் குறி, உள்ளே ஒற்றை. யார் சொன்னது என்று குழம்பாது.

திறந்த குறியை மூடிவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.