சதுரங்கம் அறிவாளிகளுக்கு மட்டுமா?



சதுரங்கம் என்றதும், "அது படித்தவர்களின் ஆட்டம், நமக்கு எதற்கு?" என்று நம் தோட்ட மக்களுள் பலர் ஒதுங்கிக் கொள்கின்றனர். பிள்ளைகளோ இரண்டு முறை தோற்றதும் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து விடுகின்றனர். மாலையில் திடலில் பந்து உதைப்பவர்கள் எல்லாரும் நாட்டுக்காக ஆடப் போகின்றவர்களா? கோயில் பஜனையில் பாடுவோர் எல்லாரும் பாகவதர்களா? சதுரங்கத்தை மட்டும் வெல்லத் தெரிந்தவர்களுக்கே உரியதாக்குவது முறையன்று.

சென்னையைச் சேர்ந்த குகேஷ் 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் சிங்கப்பூரில் தமது 18ஆம் வயதில் உலக வெற்றியாளர் ஆனார். அவரைப் பற்றி இதழ்கள் நிறைய எழுதிவிட்டன. நான் கூற விழைவது பெயர் பெறாத ஆட்டக்காரர்களைப் பற்றியாகும்.

கேரள மாநிலம் திருச்சூர் மாவட்டத்தில் மரோட்டிச்சால் என்றொரு சிற்றூர் உள்ளது. ஒரு காலத்தில் அங்கே கள்ளச் சாராயமும் சூதாட்டமும் குடும்பங்களை அரித்து வந்தன. உன்னிகிருஷ்ணன் என்பவர் இளமையில் சதுரங்கம் கற்று, பின்னர்த் தம் தேநீர்க் கடைக்கு வருவோருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார். ஒருவர் மற்றவருக்குக் கற்பிக்க, ஆட்டம் வீட்டுத் திண்ணைகளுக்கும் பரவியது. அவர்களுள் பெரும்பாலோர் எந்தப் பட்டமும் பெறாதவர்கள். சதுரங்கம் ஒன்றே குடியை விரட்டியது என்று நான் கூற மாட்டேன். ஊராரின் பிற முயற்சிகளும் இருந்தன. ஆயினும் வேலை முடிந்த மாலைப் பொழுதில் கைக்கும் கருத்துக்கும் வேறொன்று கிடைத்தது. கள்ளுக்கடையால் நம் தோட்டங்கள் இழந்தவற்றைக் கண்ட பெரியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

வியூகம் அறியாதவனுக்கு இதில் என்ன இன்பம் என்று கேட்கலாம். முதல் நகர்வுக்கே ஒருவனுக்கு 20 வழிகள் உண்டு: எட்டுச் சிப்பாய்களுக்கு 16, இரு குதிரைகளுக்கு 4. எதிராளியும் ஒருமுறை நகர்த்தியதும் பலகை 400 விதங்களில் அமையலாம். ஆகவே, நேற்று ஆடிய ஆட்டம் இன்று திரும்பி வருவது அரிது. தோற்பவனுக்கும் புதுமை குறைவதில்லை!

தோற்கும் நிலையிலும் ஒரு வேடிக்கை உண்டு. உங்களிடம் அரசன் மட்டுமே எஞ்சி நிற்கிறான் என்று கொள்வோம். உங்கள் முறை வருகிறது. அரசனுக்குச் ‘செக்’ இல்லை. ஆனால் ஆபத்தின்றி நகர ஒரு கட்டமும் இல்லை. விதிப்படி அந்த ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிகிறது. படை முழுவதும் வைத்திருந்தவன் விழிப்பதைப் பார்க்க வேண்டுமே!

பினாங்கில் மலாய் நண்பர்களோடு ஆடுவோர் முதலில் காய்களின் பெயரைப் பேசிக்கொள்வது நன்று. நாம் மூலையில் நிற்கும் காயை யானை என்கிறோம். அவர்களோ குறுக்காகச் செல்லும் காயை ‘காஜா’, அதாவது யானை என்பர். அந்தக் குறுக்குக் காய் நமக்கு மந்திரி. மூலைக் காய் அவர்களுக்குத் ‘தீர்’. அது நம் ‘தேர்’ என்னும் சொல்லே என்பர் அறிஞர். நாம் மறந்த தேரை அவர்கள் காத்து வருகின்றனர்!

பலகை வாங்கப் பணமில்லையே என்று வருந்த வேண்டா. கெட்டி அட்டையில் எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் கீறி, ஒன்றுவிட்டு ஒன்று கறுப்பாக்குங்கள். ஆடுபவரின் வலக்கை மூலை வெள்ளையாக இருத்தல் வேண்டும். புட்டி மூடிகளின்மேல் காய்களின் பெயரை எழுதிக்கொள்ளலாம். இரு தரப்புக்கும் மொத்தம் 32 மூடிகள் போதும். பள்ளியில் கற்ற பிள்ளை தந்தைக்கும் தாய்க்கும் கற்றுக் கொடுக்கட்டும். குதிரையின் போக்கை விளக்கும்போது மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். அது இரண்டு கட்டம் நேராகச் சென்று ஒரு கட்டம் பக்கவாட்டில் திரும்பும், இடையிலுள்ள காய்களைத் தாண்டவும் செய்யும். இதைப் பெரியவர்கள் ஒருமுறையில் பிடித்துக்கொள்வதில்லை.