பெயரும் எண்ணும்

நுழையும்முன்

எண்ணால் எழுதப்பட்டவை யாவும் அளவுகள் ஆகா. சில எண்கள் பெயராக நிற்பன; சில வரிசையைக் காட்டுவன. இவ்வேறுபாட்டை உணர்ந்து, சொற்களாலான தரவுகளைக் கணினிக்கு ஏற்ற எண்களாக மாற்றும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எண் வடிவில் ஒரு பெயர்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் துடியலூர் அமைந்துள்ளது. அங்கு ஓடும் ஊர்திகளின் பதிவுப் பலகைகளில் 37, 38 ஆகிய எண்களைக் காணலாம். முன்னது கோவை தெற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும், பின்னது கோவை வடக்கு அலுவலகத்தையும் குறிக்கும். இவற்றின் சராசரியான 37.5 எதனையும் குறிக்காது. ஏனெனில், இவை எண் வடிவில் அமைந்த பெயர்களே.

பெயரளவு மாறி

மண்வகை, தாய்மொழி போன்றவை வகைசார் மாறிகள். விளைச்சலைக் கணிக்கும் நிரலுக்கு மண்ணின் பெயர் பயன்படாது, எண் வேண்டும். செம்மண்ணுக்கு 1, கரிசலுக்கு 2, வண்டலுக்கு 3 எனக் கொடுத்தால், வண்டல் செம்மண்ணின் மும்மடங்கு என்றே கணினி கணக்கிடும். இப்பிழையைப் போலி மாறிகள் தவிர்க்கின்றன. 'கரிசலா?', 'வண்டலா?' என இரு பத்திகள் அமைத்து, ஆம் எனில் 1, இல்லை எனில் 0 என இடவேண்டும். இரண்டிலும் 0 இருப்பின் அது செம்மண். எனவே, மூன்று வகைகளுக்கு இரண்டு பத்திகளே போதும்.

வரிசை மாறி

தொடக்கநிலை, உயர்நிலை, மேல்நிலை, பட்டம் எனக் கல்வித்தகுதிக்கு இயல்பான ஏறுவரிசை உண்டு. 'ஆர்' என்னும் புள்ளியியல் நிரல்மொழி, நாம் வரிசையைக் கூறாவிடில் அகரவரிசையைப் பின்பற்றும். அப்போது உயர்நிலை 1, தொடக்கநிலை 2, பட்டம் 3, மேல்நிலை 4 என்றாகும். பட்டம் பெற்றவர் மேல்நிலை பயின்றவருக்குக் கீழே வைக்கப்படுவார். நிரல் பிழை எதனையும் சுட்டாது. முடிவு மட்டும் பிழைபடும். ஆகவே, வரிசையை நாமே வகுத்துரைத்தல் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்னும் குறியீடுகளே இருந்தன. 2011ஆம் ஆண்டில் 'பிறர்' என்பதற்கு 3 சேர்க்கப்பட்டது. அக்கணக்கெடுப்பில் நாடு முழுவதும் ஏறத்தாழ 4.88 இலட்சம் பேர் அவ்வாறு பதிவாயினர். குறியீடு இல்லாதவர் கணக்கில் தெரிவதில்லை. கணக்கில் தெரியாதவர் திட்டங்களிலும் இடம்பெறுவதில்லை.

கற்பவை கற்றபின்

1. அஞ்சல் குறியீட்டு எண், குருதிவகை, தேர்வில் பெற்ற தரம் ஆகியவற்றைப் பெயரளவு, வரிசை என வகைப்படுத்துக.
2. நான்கு மண்வகைகளுக்கு எத்தனை போலி மாறிகள் தேவை? காரணம் கூறுக.