கங்கைகொண்ட சோழபுரம் காட்டும் பாடம்

பழம்பெருநகர் ஒன்றனைக் காணச் செல்வோர் ஆங்கு நிமிர்ந்து நிற்பதை வியந்து மீளுதல் இயல்பு. அழிந்தொழிந்ததையும் ஆராய்ந்தறிதல் சரித்திர மாணவர்க்குரிய கடமையாம். இதனைப் பயில்வதற்கு அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தினும் தக்க இடம் அரிது.

கங்கை வரை படைசெலுத்தி வென்ற முதலாம் இராசேந்திரன் (1014-1044) அமைத்த இந்நகர், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராய் விளங்கிற்று. இன்று முழுமையாய் எஞ்சியிருப்பது, ஒன்பது நிலைகளுடன் சுமார் 180 அடி உயர்ந்து, வளைந்தெழும் விமானத்தையுடைய சிவாலயமே. அரண்மனையும் வீதிகளும் எங்கே? ஊர்ப்பெயர்கள் விடை கூறும். உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்னும் சிற்றூர்ப் பெயர்கள் பண்டை நகரின் உறுப்புகளை இன்றும் நினைவூட்டுகின்றன.

மண்ணும் சான்று பகரும். புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபொழுது, இத்தாலி நாட்டுச் செந்நிற மெருகுக் கலங்களின் சில்லுகளும், மது நிரப்பி வந்த இருகாதுச் சாடிகளின் துண்டுகளும் வெளிப்பட்டன. அவ்வுரோமக் கலங்களின் காலம் முன்னரே அறியப்பட்டிருந்தமையால், அவற்றோடு ஒரே மண்ணடுக்கிற் கிடந்த நம் நாட்டு மட்கலங்களின் காலமும் தெளிவாயிற்று. உடைந்த சில்லொன்று, எழுத்தில்லாத இடத்தில் கல்வெட்டின் தொழிலைச் செய்தது.

மாளிகைமேட்டு அகழ்வுகளிலும் செங்கற்சுவர்கள், கூரையோடுகள், இரும்பாணிகள் ஆகியவற்றோடு சீன நாட்டுக் கலத்துண்டுகள் கிடைத்துள்ளன. அரிக்கமேடு மேலைக்கடல் வாணிகத்தைக் காட்ட, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிற்பட்ட இம்மேடு கீழைக்கடலை நோக்கிக் கைகாட்டுகிறது. 1033இல் இராசேந்திரன் சீனத்திற்குத் தூது விடுத்த செய்தியோடு இது பொருந்துதல் காண்க.

இனி, அழிவின் வரலாறு. 1836ஆம் ஆண்டளவிற் கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பெற்றபொழுது, இவ்வாலயத்தின் மதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டுக் கருங்கற்கள் அவ்வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தடுக்க முயன்ற ஊரார் தண்டிக்கப்பட்டனர் என்றும், ஈடாகச் செங்கல்மதில் எழுப்புவதாகத் தந்த வாக்கு நிறைவேற்றப்படவில்லை என்றும் அந்நூற்றாண்டின் குறிப்பொன்று வருந்திக் கூறுகின்றது. உரோமாபுரியின் கொலோசியமும் இவ்விதியினின்று தப்பவில்லை; பன்னூற்றாண்டுகள் அது புதிய மாளிகைகளுக்குக் கற்சுரங்கமாயிற்று. அணை வயல்களுக்குப் பயன்பட்டது மெய்யே. எனினும் கல்லை வேறிடத்திலும் வெட்டலாம். சரித்திரத்தை வேறிடத்தில் வெட்டியெடுத்தல் இயலாது. எளிய ஊரார் உணர்ந்த இவ்வுண்மையைக் கற்றறிந்த அதிகாரிகள் உணராமற் போயினர்.

2004இல் இவ்வாலயம் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. ஆயினும் காவல் என்பது அரசாங்கத்தின் கடமை மட்டுமன்று. மேட்டில் கிடக்கும் ஓட்டுச்சில்லை நினைவுப்பொருளெனச் சட்டைப்பையில் இடும் மாணவன், அன்று கல்லைப் பெயர்த்தவரின் செயலையே சிறிய அளவிற் செய்கின்றான். கிடந்த இடத்தை நீங்கிய சில்லு தன் காலத்தைச் சொல்லும் ஆற்றலை இழந்துவிடும். ஆதலின், ஆங்குச் செல்லும் நண்பர்கள் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, கையை வெறுமையாக வைத்து மீள்வாராக.