சேற்றில் அழுந்திய பிக்கப் வண்டியை மீட்கும் பட்டைகளும் துணைக்கருவிகளும்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டபின், ஊரப்பாக்கத்துக்கு மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் முதலிய கிராமங்களில் ஏரிக்கரையை அடுத்த வண்டிப்பாதைகள் இளகிவிடுகின்றன. முன்னாளில் அப்பாதையில் கட்டைவண்டி அழுந்தினால், மூட்டைகளை இறக்கி, இன்னொரு ஜோடி மாடுகளை முன்னே பூட்டி, சக்கரத்துக்குத் தோள்கொடுத்து ஏற்றிவிடுவார்கள். இக்காலத்தில் நெல்லும் எருவும் வைக்கோலும் பிக்கப் வண்டிகளிலேயே செல்கின்றன. அவ்வண்டி அழுந்தினால் டிராக்டரைக் கொண்டுவந்து, கைக்கு அகப்பட்ட கயிற்றையோ சங்கிலியையோ மாட்டி, ஒரே வெட்டாய் வெட்டி இழுப்பது வழக்கமாகிவிட்டது. இதனால் பம்பர் பிடுங்கிக்கொண்டு வருவது சிறிய நஷ்டமேயாகும். கழன்ற கொக்கி பறந்துவந்து ஆளின்மேல் தாக்குவதும், டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்புறமாகக் கவிழ்வதும் உயிருக்கே கேடாய் முடியும். ஆகையால் இழுக்கும் சாமான்களை மழைக்கு முன்னரே தெரிந்து வாங்கிவைப்பது அவசியம்.

முதலாவது, எவ்வளவு பலம் வேண்டுமென்பதைக் கணக்கிடல் வேண்டும். 2005-ம் வருஷத்தில் வெளிவந்த டாட்டா ஏஸ் போன்ற சிறு வண்டி, முக்கால் டன் பாரத்துடன் உத்தேசம் ஒன்றரை டன் நிறை கொள்ளும். பொலேரோ பிக்கப் போன்றவை முழுப் பாரத்துடன் மூன்று டன்னை எட்டும். தார்ச்சாலையில் பழுதாய் நின்ற வண்டியை உருட்டிச்செல்ல அந்த நிறையில் சிறு பங்கு பலமே போதும். சேற்றில் அவ்வாறன்று. இராணுவ மீட்புக் கையேடுகளில் கைக்கொள்ளும் கணக்கின்படி, சக்கரமளவு அழுந்திய வண்டியை அசைக்க அதன் முழு நிறைக்குச் சமமான பலமும், மட்கார்டு மட்டும் அழுந்தியதற்கு இரு மடங்கும் வேண்டும். அதாவது மூன்று டன் வண்டிக்கு ஆறு டன் இழுப்பு! மண்வெட்டியால் சக்கரங்களுக்கு முன்னுள்ள சேற்றைச் சரிவாக வெட்டி எடுத்து, பாரத்தை இறக்கிவிட்டால் இத்தொகை பெரிதும் குறையும். எனவே மீட்புச் சாமான்களில் முதலிடம் மண்வெட்டிக்கும், சக்கரத்தின்கீழ் இடும் இரண்டு பலகைகளுக்கும் உரியது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

இனிப் பட்டை. கடைகளில் இரண்டு ஜாதி நூலால் நெய்த பட்டைகள் கிடைக்கின்றன. பாலியெஸ்டர் பட்டை அதிகம் நீளாது. மெதுவாகவும் ஒரே சீராகவும் இழுப்பதற்கு அது ஏற்றது. நைலான் பட்டையும் நைலான் கயிறும் தம் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் நீண்டு சுருங்குந் தன்மையுள்ளவை. இழுக்கும் வண்டி இலேசானதாய், தரையில் பிடிப்பில்லாமல் நழுவும்போது, ஓட்டத்தின் வேகத்தை நீட்சியில் சேர்த்துவைத்து அழுந்திய வண்டியை வெளியே கொணர்வதற்கு அவை உதவும். ஆனால் அச்சேர்ந்த வேகமே, ஏதாவதொன்று அறுந்தால் எறிபடையாகிறது. வேகம் இரட்டித்தால் தாக்கும் சக்தி நான்கு மடங்காகும். டிராக்டர் உள்ள கிராமத்தில் இத்தகைய விளையாட்டுக்கு அவசியமில்லை. தாழ்ந்த கியரில் ஊர்ந்து இழுக்கவல்ல எந்திரம் இருக்கையில், பாலியெஸ்டர் பட்டையே குடியானவர்களுக்குத் தக்கது. நைலான் ஈரத்தில் பலத்திற் சிறிது குறைவதும் நினைவிலிருக்க வேண்டும்.

பட்டையின்மேல் குறித்துள்ள டன் கணக்கில் ஏமாற இடமுண்டு. ஒரு பட்டை அறுகின்ற பாரம் வேறு. அதை அச்சமின்றி ஏற்றக்கூடிய பாரம் வேறு. கிரேன்காரர்கள் உபயோகிக்கும் பாலியெஸ்டர் தூக்குப்பட்டைகளில் இரண்டாவதே குறிக்கப்படும். அவற்றின் நிறமும் அதைத் தெரிவிக்கும். ஊதா 1 டன், பச்சை 2 டன், மஞ்சள் 3 டன், சாம்பல் 4 டன், சிவப்பு 5 டன். அறுபடும் பாரம் அதைப்போல் ஏழு மடங்கு. இதற்கு மாறாக, மோட்டார்ச் சாமான் கடைகளில் மலிவாய் விற்கும் மெல்லிய பட்டைகளில் ‘5 டன்’ என்றுமட்டும் அச்சிட்டிருக்கும். எந்தப் பாரமென்று இராது. அதை அறுபடும் பாரமென்றே கொள்ளல் வேண்டும். அப்படியானால் மூன்று டன் வண்டிக்கு அது உதவாது. அறுபடும் பாரம் வண்டியின் முழு நிறையைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கவேண்டும் என்பது பொதுவான அளவு. மேற்படி மலிவுப் பட்டைகளின் இரு முனைகளிலும் மெல்லிய இரும்புக் கொக்கிகள் தைக்கப்பட்டிருக்கும். அக்கொக்கி நிமிர்ந்து கழலும்போது குண்டுபோலப் பாயும். முனைகளில் கொக்கியின்றி, பட்டையையே மடித்துத் தைத்த வளையமுள்ளதைத்தான் வாங்கவேண்டும்.

நீளம் 9 மீட்டர் அளவாயிருந்தால், டிராக்டர் சேற்றுக்கு அப்பால் கெட்டித் தரையில் நின்றுகொண்டு இழுக்கலாம். அதையே இரண்டாக மடித்தால் சாலைக்கும் பொருந்தும். 1989-ம் வருஷத்துச் சாலை விதிகள், கட்டியிழுக்கும்போது இரு வண்டிகளுக்குமிடையே 5 மீட்டருக்குமேல் இடைவெளி கூடாதென்றும், இழுக்கப்படும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் அமர்ந்திருக்க வேண்டுமென்றும் விதித்தன. 2017-ம் வருஷத்தில் அவற்றின் ஸ்தானத்தில் வேறு விதிகள் வந்தபோதிலும், ஜி.எஸ்.டி. சாலையின் நெருக்கடியில் இவ்விரண்டையும் கைக்கொள்வதே விவேகம். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்கை வெகு அழுத்தமாக மிதிக்கவேண்டும், ஸ்டியரிங்கும் கனக்கும்.

பழைய சங்கிலி, கம்பிக் கயிறு, ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டாரை இறக்கும் பிளாஸ்டிக் கயிறு ஆகியவற்றை இவ்வேலைக்கு ஒதுக்கிவிடுதல் நலம். சங்கிலி கனமானது; அதில் ஒரு கண்ணி தேய்ந்திருந்தாலும் வெளிப்பார்வைக்குத் தெரியாது. கம்பிக் கயிறு அறுந்தால் சாட்டைபோலச் சுருண்டடிக்கும். பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்து பலமிழந்திருக்கும்.

பட்டையை வண்டியுடன் இணைப்பதற்கு வில்வடிவமான ஷேக்கிள் வேண்டும். நல்ல ஷேக்கிளின் உடலில் ஏற்கத்தக்க பாரம் எழுத்தாகப் புடைத்திருக்கும். முக்கால் அங்குல அளவுள்ளதற்கு 4.75 டன். எழுத்தில்லாததை வாங்கலாகாது. திருகாணியை முழுதும் இறுக்கியபின் கால் சுற்று தளர்த்திவிட்டால், இழுத்து முடிந்ததும் கழற்ற எளிதாயிருக்கும். இரண்டு பட்டைகளை ஷேக்கிளினால் ஒன்றோடொன்று இணைக்கவே கூடாது. நடுவில் தொங்கும் இரும்பே பெரிய அபாயம்.

பட்டை எவ்வளவு உயர்ந்ததாயினும், மாட்டும் இடம் தவறினால் பயனில்லை. வண்டியின் அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பிணைந்த இழுவைக் கொக்கி அல்லது கண்ணியிலேயே மாட்டவேண்டும். அது எங்கேயுள்ளதென்று வண்டியின் கையேட்டில் காணலாம். பம்பர், ஸ்டியரிங் தண்டு, வில்பட்டை, அச்சு என்பன ஆகா. வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக அமைந்த சிறு துளைகளும் ஆகா.

டிராக்டரில் மாட்டும் இடமோ இன்னும் முக்கியமானது. பின் அச்சைவிடத் தாழ்ந்துள்ள இழுவைத் தண்டிலேயே பட்டையை மாட்டவேண்டும். மேலிணைப்புக் கையிலோ இருக்கைக்குப் பின்னோ மாட்டினால், அழுந்திய வண்டி அசையாதபோது பின்சக்கரங்களின் திருகுபலம் டிராக்டரையே முன்பக்கம் மேலெழும்படி செய்யும். ஓரிரு வினாடிக்குள் அது கவிழ்ந்துவிடும். கிளட்சை மிதிக்கவும் அவகாசமிராது. ஓட்டுநரைக் காக்கும் சட்டமில்லாத டிராக்டர்களில் இதனால் உயிர் பிழைப்பது அரிது.

இழுக்கும்போது பட்டையின் நடுவில் நனைத்த கோணிச்சாக்கு ஒன்றைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் அது தாழ விழும். பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஒருவரும் நிற்கலாகாது. கூடிய ஜனங்களை விலக்குவதில் கிராம அதிகாரிகளின் சொல்லுக்கு மதிப்புண்டு. பட்டையை முதலில் தளர்வின்றி நேராக்கி, பின்னர் தாழ்ந்த கியரில் மெதுவாக நகர்த்தவேண்டும். அசையாவிட்டால் நிறுத்தி மறுபடி மண்ணை வெட்டுக.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை உண்டு. 2015-ம் வருஷம் டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளை அடையாற்று வெள்ளம் சூழ்ந்தது. அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் எஞ்சினுக்குள் நீர் புகுந்திருக்கக்கூடும். சாவியைத் திருப்பி முடுக்கினால் உள்ளிருக்கும் தண்டு வளைந்து எஞ்சின் பாழாகும். அதை முடுக்காமல் பட்டையால் இழுத்துச்சென்று மெக்கானிக்கிடம் சேர்ப்பதே சரி.

ஒரு நல்ல பட்டை, இரண்டு ஷேக்கிள்கள், மண்வெட்டி, பலகைகள் ஆகிய இவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்கவேண்டுவதில்லை. நாலைந்து நிலச்சுவான்தார்கள் சேர்ந்து வாங்கி, கூட்டுறவுச் சங்கக் கிடங்கிலோ டிராக்டர் உள்ளவர் வீட்டிலோ வைத்துக்கொள்ளலாம். உபயோகித்தபின் சேற்றை நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்திச் சுருட்டிவைக்கவேண்டும். நூலிடையே தங்கிய மணல் பட்டையை உள்ளிருந்தே அறுக்கும். ஓரம் கிழிந்ததையும் தையல் விட்டதையும் முடிச்சிட்டு மறுபடி உபயோகிக்கலாகாது. அவற்றைத் துண்டாக வெட்டி, மாட்டுக்கொட்டகையில் வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.